ஒரு தட்டு சாப்பிடும் நேரம்

ஆல்ஸ்டன் பிங்க்னிக்குச் சர்க்கரை வியாதி. ஆனாலும் மனுஷன் ஒரே சாயங்காலத்தில் இரண்டு தடவை சாப்பிடுவான். எங்கள் ஹால்சி தெருவில் யார் வீட்டிலாவது ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டால், பெரிய சாலையைத் தாண்டி வென்டன் தெருவுக்குப் போய் அங்கேயும் ஒரு தட்டு வாங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் மறுநாளே ஆரம்பித்துவிடுவார்கள், "என்ன ஆல்ஸ்டன், அந்தப் பக்கத்துக் கோழிதான் ருசியா?" என்று. டாக்டர் அவனைத் திட்டாத மாதம் கிடையாது. "சாப்பாடு இல்ல டாக்டர், அதுதான் என் வேலை" என்பானாம்.

வேலை அதுதான். இரண்டு தெருப் பையன்களுக்கு நடுவில் துப்பாக்கி வெடிப்பதற்கு முன்னால் போய் நிற்பது. இவன் சொன்னதை அவனிடம் ஆறவைத்துச் சொல்வது, அவன் சொன்னதில் பாதியை விழுங்கிவிடுவது. போலீசுக்கு ஒரு வார்த்தை போகாது. ஒரு பக்கம் காதில் விழுந்த பெயர் மறுபக்கம் போகாது. இந்த வேலை பார்க்கிறவர்களுக்குப் பெரிய சாலையில் ஒரு சின்ன அலுவலகம் உண்டு. கண்ணாடிக் கதவில், கடைசியாகத் துப்பாக்கி வெடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று மார்க்கரால் எழுதி வைத்திருப்பார்கள். முப்பதைத் தாண்டினால் பெட்டிக்கடைக்காரன்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். ஆல்ஸ்டன் பத்தொன்பது வருடம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவன். பால்டிமோரில் அந்த வேலைக்கு அதைவிடப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மழையோ வெயிலோ ஆரஞ்சு நிறக் கோட்டைக் கழற்றமாட்டான். ஜூலை வெயிலில் பார்த்தால் நமக்கே வேர்க்கும்.

நான் வில்மா. பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பெரிய சாலை தாண்டவைக்கிறவள். மஞ்சள் அங்கி, கையில் 'நில்' என்று எழுதிய பலகை, கழுத்தில் விசில். பதினெட்டு வருடம் அந்த ஒரே முனையில் நின்றிருக்கிறேன். இந்தப் பக்கம் ஹால்சி, அந்தப் பக்கம் வென்டன். இரண்டு தெருப் பிள்ளைகளின் கையும் என் கைக்குத் தெரியும். கியோன் கை எப்போதும் ஈரமாக இருக்கும். வென்டன் தெரு ரெல் கையைக் கொடுக்கவே மாட்டான், என் அங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வருவான். இரண்டு பேரும் ஒரே வகுப்பு. அப்போது ஆறு வயது.

கியோனின் அம்மா வெர்லீன் எனக்கு எதிர்வீடு. முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. அங்கே உப்பில்லாமல் சமைத்துச் சமைத்து, வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றிலும் உப்பையும் காரப்பொடியையும் கொட்டுவாள். "கெழடுங்களுக்குப் போடாத உப்பை எங்களுக்குப் போடறியாடி?" என்று நான் கேட்டால், "நீ என்ன குமரியா?" என்பாள். முப்பது வருடமாக இப்படித்தான் பேசிக்கொள்கிறோம். பேசிக்கொண்டோம் என்றுதான் எழுத வேண்டும்.

அவளுக்கு இரண்டு பையன்கள். மூத்தவன் டேவான். இருபத்திரண்டு வயதில், மார்ச் மாதம், பட்டப்பகலில், பெரிய சாலை முனையில் சுட்டுப் போட்டார்கள். சுட்டது ரெல்லின் அண்ணன். தெரு முழுக்கத் தெரியும், போலீசுக்கு மட்டும் தெரியாது. அன்றைக்கு முதலில் ஓடி வந்தவன் ஆல்ஸ்டன்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை டேவானின் வயிற்றில் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டேவான் பிழைக்கவில்லை. சுட்டவன் ஊரைவிட்டே ஓடிவிட்டான். ஓடாமல் இருந்தவன் தம்பி ரெல். இந்தப் பக்கம் மிச்சமிருந்தவன் தம்பி கியோன். அடுத்தது என்ன என்று எங்கள் தெருவில் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அந்த அடுத்ததைத்தான் ஆல்ஸ்டன் நிறுத்தி வைத்திருந்தான். கியோனுக்கு அப்போதுதான் கிடங்கு ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. அங்கே போகிற பஸ் வென்டன் தெருப் பக்கத்து நிறுத்தத்தில்தான் நிற்கும். ஆல்ஸ்டன் மூன்று வாரம் இங்குமங்கும் நடந்து ஒரு பேச்சை முடித்தான். காலை ஆறரைக்கும் பிற்பகல் மூன்றரைக்கும் கியோன் அந்த நிறுத்தத்தில் நிற்கலாம், யாரும் தொடமாட்டார்கள். பதிலுக்கு ரெல் எங்கள் பக்கத்துச் சலூனுக்கும் மீன்கடைக்கும் வரலாம். இரண்டு பேரும் கையில் ஒன்றும் வைத்துக்கொள்ளக் கூடாது. கியோனும் ரெல்லும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் வெறுங்கையோடு வருகிறான் என்று ஆல்ஸ்டன் இவனிடம் சொல்வான், இவனும் வெறுங்கைதான் என்று அவனிடம் சொல்வான். அவ்வளவுதான் ஏற்பாடு. அலுவலகக் கண்ணாடியில் எண் எழுபதைத் தாண்டியது.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் டி-ஷர்ட் அடிப்பது வழக்கம். செத்தவன் படம், இரண்டு பக்கமும் இறக்கை, பிறந்த தேதி, போன தேதி. சவ அடக்கத்துக்குக் குடும்பம் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு வரும். பிறகு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் போடுவார்கள். வெர்லீன் முதல் நாளே ஆல்ஸ்டன் அளவுக்கு ஒன்று சேர்த்து அடித்துவிட்டாள். அவன் வாங்கவில்லை.

"எனக்கு எதுக்கு வெர்லீன், என் வயித்து மேல போட்டா பையன் மொகம் பலூன் மாதிரி ஊதிரும்" என்று சிரித்து மழுப்பினான். இரண்டாவது தடவை கேட்டபோது, "இந்தக் கோட்டுக்கு மேல ஒண்ணும் போடக் கூடாதுன்னு ஆபீஸ்ல சட்டம்" என்றான். அது பொய் இல்லை. அந்த டி-ஷர்ட் மடித்தபடியே அவள் வீட்டு நாற்காலியில் மூன்று மாதம் கிடந்தது. அந்த நாற்காலியில் யாரும் உட்காரமாட்டோம்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை டேவானுக்குப் பிறந்தநாள். வெர்லீன் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் மேஜை போட்டு, மேலே செய்தித்தாளை விரித்து, இரண்டு கூடை நண்டு வேகவைத்துக் கொட்டினோம். மரச்சுத்தியலால் நண்டின் ஓட்டை உடைக்கிற சத்தம் சந்து முழுக்கக் கேட்டது. காரப்பொடி எல்லார் விரலிலும் ஒட்டியிருந்தது. நான் உருளைக்கிழங்கு சாலட் செய்துகொண்டு போயிருந்தேன். கியோன் வேலைக்குப் போகிற சீருடைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடியில் மாட்டிவிட்டு, அண்ணன் படம் போட்ட டி-ஷர்ட்டோடு வந்து உட்கார்ந்தான்.

ஆல்ஸ்டன் நாலு மணிக்கு வந்தான். வெர்லீன் தட்டை நீட்டவில்லை. டி-ஷர்ட்டை நீட்டினாள்.

"வெர்லீன்..."

"இன்னிக்கு ஒண்ணும் பேசாத. இங்க இருக்கறவங்க எல்லார் நெஞ்சுலயும் எம் புள்ள இருக்கான். வாடகை வாங்க வந்தவன்கூட ஒண்ணு போட்டிருக்கான் பாரு. அவன் ரத்தத்தைக் கையில ஏந்தினவன் நீ. உன்கிட்ட மட்டும் அவன் இல்ல."

"நான் நடுவுல நிக்கறவன். எனக்கு எந்தப் பக்கமும் கெடையாது. அதான் உன் இன்னொரு புள்ளைக்குக் காவல்."

"சாப்பிடற வரைக்கும் போடு. ஒரு தட்டு. அப்புறம் கழட்டிக் குடுத்துரு. நான் கேக்கறது ஒரு தட்டு சாப்பிடற நேரம்தானே?"

அவன் என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. "போட்டுக்கோயேன், பெத்தவ கேக்கறா" என்றுதான் சொன்னேன்.

கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினான். கோட்டில்லாமல் அவனைப் பார்ப்பது புதிதாக இருந்தது. தோள் கொஞ்சம் கூன் போட்டிருந்தது, மயிர் நரைத்த கை. டி-ஷர்ட் அவனுக்குச் சரியாக இருந்தது. வெர்லீன் கிட்டே வந்து அவன் நெஞ்சிலிருந்த முகத்தை நீவி, சுருக்கம் எடுத்தாள். மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் அவள் நன்றாகச் சாப்பிட்டாள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. சந்தோஷம் பொறுக்கவில்லை என்கிறேன். போனைத் தூக்கினேன். ஆல்ஸ்டன் வாயில் நண்டுக்காலோடு என்னைப் பார்த்துச் சிரித்தான். படம் எடுத்துவிட்டேன். பக்கத்தில் வெர்லீனும் கியோனும் அதில் விழுந்தார்கள். ஐந்து நிமிடத்தில் அவன் டி-ஷர்ட்டைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு, வென்டன் தெருவில் இரண்டாவது தட்டுக்குப் போய்விட்டான்.

எங்கள் தெருவுக்கென்று பேஸ்புக்கில் ஒரு பக்கம் இருக்கிறது. படத்தை அனுப்பினால் அனுப்பினவர் பெயர் இல்லாமல் அதில் ஏறும். தொலைந்த நாய், யார் வீட்டிலோ குழந்தை, இப்படித்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் அந்தப் படத்தை அனுப்பினேன். கீழே இரண்டே வார்த்தை எழுதினேன்: 'நம்ம ஆல்ஸ்டன்.' ஆசையாகத்தான் எழுதினேன். வேறெப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணி. பிள்ளைகளைச் சாலை தாண்டவைத்துக்கொண்டிருந்தேன். ஆல்ஸ்டன் வழக்கம்போல என் முனையில் நின்றிருந்தான். ரெல் சாலையைத் தாண்டி வந்தான். போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"மாமா, இது யாரு?"

ஆல்ஸ்டன் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நான்தான்."

"நெஞ்சுல யாரு?"

"டேவான். அவன் அம்மா கெஞ்சினாடா. ஒரு தட்டு சாப்பிடற நேரம். உங்க அம்மா கெஞ்சியிருந்தாலும் நான்..."

"எங்க அம்மா கெஞ்சணும்னா நான் மொதல்ல சாவணும்ல?"

"ரெல்லு, என் பேச்சைக் கேளு."

"உன் பேச்சைத்தான் இத்தனை நாளா கேட்டேன். கியோன் கையில ஒண்ணும் இல்லன்னு நீ சொன்ன. அதை நம்பி நானும் வெறுங்கையோட நடக்கறேன். 'நம்ம ஆல்ஸ்டன்'னு போட்டிருக்கான் பாரு. யாருக்கு நம்ம? நீ அவங்க ஆளுன்னா, நீ சொன்னதெல்லாம் யார் சொன்னது?" அவன் குரல் உடைந்தது. இருபது வயதுப் பையனுக்கு அது கோபம் இல்லை, பயம். "யாரு எடுத்தது இதை?"

'நில்' பலகையைத் தூக்கியபடியே நின்றிருந்தேன். பிள்ளைகள் எப்போதோ கடந்துவிட்டார்கள். கார்கள் ஹாரன் அடித்தன.

"கவனிக்கல" என்றான் ஆல்ஸ்டன். என் பக்கம் திரும்பவே இல்லை.

மத்தியானம் அந்தப் பக்கத்துக்கு எழுதிப் படத்தை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார்கள். அதற்குள் இரண்டு தெருவிலும் எல்லார் போனிலும் அது இருந்தது.

அன்று சாயங்காலமே ஆல்ஸ்டன் வெர்லீன் வீட்டுக்கு வந்தான். நான் அங்கேதான் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தேன். அவன் தட்டு வாங்கவில்லை.

"கியோனை ஒரு மாசம் கரோலினாவுக்கு அனுப்பு வெர்லீன். உன் அக்கா வீட்டுக்கு. அந்தப் பக்கம் நான் திரும்பப் பேசி முடிக்கிற வரைக்கும்."

"இன்னும் மூணு வாரம் போனா அவனுக்கு வேலை நிரந்தரம். இப்ப போனா போனதுதான்."

"வேலை வேற கெடைக்கும்."

"யாருக்கு? எங்களுக்கா?" வெர்லீன் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். "ஒருத்தனை மண்ணுக்குக் குடுத்தாச்சு. இன்னொருத்தனையும் ஊரைவிட்டுத் துரத்தணுமா? சுட்டவன் வீட்டுப் பையன் மீன்கடைக்கு வரான், எம் புள்ள ஓடணுமா?"

"கௌரவம் பாக்கற நேரமில்ல இது."

"எல்லாம் உன்னாலதானே? யாரையோ படம் புடிக்கச் சொல்லிப் போட்டுட்டு இப்ப வந்து நிக்கற. ஆபீஸ்ல நல்ல பேரு வாங்கவா?"

நான் பீன்ஸை உரித்துக்கொண்டிருந்தேன்.

"சரி. என்னாலதான்" என்றான் ஆல்ஸ்டன். "காலையில நானே வண்டியில கூட்டிட்டுப் போறேன். சாயங்காலம் நானே கொண்டாந்து விடறேன். பஸ்ஸுக்குப் போக வேணாம். கியோன், உன்கிட்ட ஒண்ணும் இல்லியே?"

"இல்ல மாமா" என்றான் கியோன். இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் பொய் சொல்கிறான் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருக்கும். யாரும் மேலே கேட்கவில்லை.

நான்கு நாள் அப்படி ஓடியது. ஆல்ஸ்டனின் பழைய காரில் கியோன் போய் வந்ததை வென்டன் தெருவும் பார்த்தது. அதுவும் சேர்ந்துகொண்டது. ரெல் போனை எடுப்பதில்லை. அந்தத் தெருவில் எந்தக் கதவும் ஆல்ஸ்டனுக்குத் திறக்கவில்லை. "ரெண்டாவது தட்டு மிச்சம்" என்றான் என்னிடம், சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். "புள்ளைங்க வருது, வேலையப் பாரு."

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கடைசி நாள். பிள்ளைகள் ஐஸ் கோனும் கையுமாகக் கத்திக்கொண்டு வந்தார்கள். கிடங்கில் அன்றைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே விட்டுவிட்டார்கள். ஆல்ஸ்டன் வரும்வரை காத்திருக்காமல் கியோன் பஸ் ஏறிவிட்டான். பஸ் எதிர்ப்பக்கம் வந்து நின்றது. கியோன் இறங்கினான். நிறுத்தத்துக் கூரைக்குக் கீழே ரெல் நின்றிருந்தான்.

ரெல் ஓடவில்லை. ஒரு அடி முன்னால் வைத்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஒரு கை பாக்கெட்டில் இருந்தது. கியோன் சாப்பாட்டுப் பைக்குள் கையை விட்டான். இரண்டு தடவை வெடித்தது. நான் விசிலை ஊதினேன். எதற்கு ஊதினேன் என்று தெரியவில்லை. பிள்ளைகளை ஒன்றின்மேல் ஒன்றாகத் தரையில் தள்ளி, மேலே படுத்துக்கொண்டேன்.

தலையைத் தூக்கியபோது ஆல்ஸ்டன் எங்கிருந்தோ வந்து ரெல்லின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். ரெல்லின் பாக்கெட்டில் போனைத் தவிர ஒன்றுமில்லை என்று பிறகு சொன்னார்கள். அவன் என்ன சொல்ல வந்தான் என்று யாருக்கும் தெரியாது.

கியோன் ஓடவில்லை. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சாலையோரத்தில் உட்கார்ந்தான். நான் போய் அவன் கையைப் பிடித்தேன். ஈரமாக இருந்தது.

"அத்தை, அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா? என்னால முடியாது."

நான்தான் போய்ச் சொன்னேன்.

ரெல் இரண்டு நாள் கிடந்து செத்தான். கியோனுக்கு இருபத்தெட்டு வருடம் போட்டார்கள். நடுவில் நிற்க வேண்டியவன் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டான் என்று ஆல்ஸ்டனை வேலையிலிருந்து அனுப்பினார்கள். படத்தை அவனேதான் போட்டுக்கொண்டான் என்று இரண்டு தெருவும் சொன்னது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு தெருவுக்கும் ஒரே பேச்சு.

குளிர்காலத்தில் ஒருநாள் அவன் வீட்டுக்குப் போனேன். தங்கை வீட்டுக் கீழறையில் இருந்தான். கோட் இல்லாமல் சின்னதாகத் தெரிந்தான்.

"அது நான்தான்னு உனக்குத் தெரியும்" என்றேன்.

"உன்னைப் பாத்துத்தானே சிரிச்சேன்."

"ஏன் சொல்லல?"

"தெனம் ரெண்டு வேளை அந்த முனையில தனியா நிக்கறவ நீ. உன் பேரை ரெல் காதுல போட்டா, உன்னையும் அந்தப் பகையில சேத்தாப்ல ஆயிரும். பேரைக் கொண்டுபோறது என் தொழில் இல்ல வில்மா."

"இப்பவாவது வெர்லீன்கிட்ட சொல்லட்டுமா? உன் பேராவது கழுவின மாதிரி இருக்கும்."

"கியோனைப் பாக்க அவ யார்கூட ஜெயிலுக்குப் போறா?" என்று கேட்டான்.

"என்கூடத்தான். மாசா மாசம்."

"வேற யாராவது பேசறாங்களா அவகிட்ட?"

"இல்ல."

"அப்ப வாயை மூடிட்டு இரு. நீ சொன்னா உனக்குத் தூக்கம் வரும். அவளுக்கு?"

மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஐந்து மாதம் இருந்தேன். ஒவ்வொரு முதல் சனிக்கிழமையும் சர்ச் வேன் சிறைக்குப் போகும். இரண்டு மணி நேரப் பயணம். வெர்லீன் எனக்கும் சேர்த்து ரொட்டியில் மீன் வறுவலை வைத்துக்கொண்டு வருவாள். உப்புத் தூக்கலாகத்தான் இருக்கும். மே மாதம் அப்படிப் போகும்போது, ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று பேசினாள்.

"அந்தப் படத்தை எடுத்தவங்க யாருன்னு தெரிஞ்சா ஒண்ணு கேப்பேன் வில்மா."

"என்ன கேப்ப?"

"அதுல ஒரு காப்பி வேணும்னு. ஊர்ல எல்லாரும் அழிச்சிட்டாங்க. அதுல நான் சிரிச்சிட்டிருந்தேன், ஞாபகம் இருக்கா? கியோனும் பக்கத்துல இருந்தான். நாங்க மூணு பேரும் கடைசியா ஒண்ணா இருந்தது அதுலதான். டேவான் சட்டையில இருந்தா என்ன, இருந்தான்ல?"

ஆல்ஸ்டன் சொன்னது மறந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். மறக்கவில்லை. ஆனாலும் போனை எடுத்து, எடுத்த நாளும் நேரமும் மேலே தெரிகிற அந்தப் படத்தைத் தேடி அவள் மடியில் வைத்தேன்.

அவள் முதலில் படத்தை மட்டும்தான் பார்த்தாள். விரலால் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பிறகு மெதுவாகப் போனைத் திருப்பி, அது யார் போன் என்பது போல அதன் உறையைப் பார்த்தாள்.

"எனக்கு அனுப்பு" என்றாள்.

அனுப்பினேன். அவள் கைப்பையில் மணி அடித்தது. எழுந்து, ஆடுகிற வேனில் ஒவ்வொரு சீட்டாகப் பிடித்துக்கொண்டு போய், ஓட்டுநருக்குப் பின்னால் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். எனக்கென்று கொண்டுவந்த ரொட்டிப் பொட்டலம் என் பக்கத்திலேயே கிடந்தது.

ஜூன் முதல் சனிக்கிழமை நான் சர்ச் வாசலுக்குப் போனேன். வெர்லீன் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. மூன்று பஸ் மாறி அவள் தனியாகப் போய் வருகிறாள் என்று வேன் ஓட்டுகிறவர் சொன்னார். போய்விட்டு வந்து யாரிடமும் எதுவும் பேசுவதில்லையாம். அவளுக்கென்று மிச்சமிருந்த ஒருத்தியையும் அன்றைக்கு வேனில் நான்தான் அவளிடமிருந்து பறித்தேன். எனக்கு இப்போது நன்றாகத் தூக்கம் வருகிறது. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.